துறைமுகம் நோக்கி அடித்த காற்று

அன்புத் தம்பி செல்வா,

(என்னைவிட நீ ஒரு மாதம் மூத்தவன் என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

கனத்த இதயத்துடன் ஓர் அறிவிப்பு. நம் பபேடான் பேட்டை முனை டீக்கடையில் சமோசாவைச் சிறிதாக்கிவிட்டார்கள். உள்ளே இருந்த உருளைக்கிழங்கு காலமானது. நீ இருந்தால் கடை வாசலிலேயே இரங்கல் கூட்டம் போட்டிருப்பாய்.

'ஆப்பர்ச்சூனிட்டி' பிறந்த கதையை டியூஷன் மாஸ்டர் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? பழைய ரோமாபுரி மாலுமிகளின் சொல்லாம். பாய்மரக் கப்பல் கடலில் காத்துக் கிடக்கும். துறைமுகத்தை நோக்கிக் காற்று அடித்தால்தான் கரை சேரும். அந்தக் காற்றை 'ஒப்பொர்த்தூனுஸ்' என்றார்கள். பிறகு எல்லா நல்ல வேளைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

நீ எழுந்தாய். "வெளிய போற கப்பலுக்கு அந்தக் காத்து என்ன சார் செய்யும்?"

"உக்காருடா!"

அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

ஆற்றின் அக்கரையில் இருக்கும் டலாவுக்கு ஆள் ஏற்றும் தன் படகிலேயே உன் அப்பா உன் சாம்பலை எடுத்து வந்தார். என்னையும் கூப்பிட்டார். தண்ணீர் கடலை நோக்கி இறங்கும் நேரம் வரை துறையில் காத்திருந்தோம். நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தினார். "நீயே போடு தம்பி, என்னால முடியல."

இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தோம், காற்றை மறந்துவிட்டோம். கடலிலிருந்து ஊரை நோக்கி அடித்தது, ரோமாபுரிக்காரன் கொண்டாடியிருப்பான். பாதி நீ ஆற்றில், பாதி என் சட்டையில்.

"பாருங்க மாமா, போக மாட்டேங்கிறான்" என்றேன். சிரித்தார். சிரித்தபடியே முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். நான் அழவில்லை, தெரியுமா?

அம்மா சட்டையைத் துவைக்கக் கேட்டாள். "தொடாதம்மா. கடலப் பாத்து அடிக்கிற வடக்குக் காத்து திரும்பட்டும். ஆத்துலயே அலசி அவனக் கடலுக்கு அனுப்புறேன்." தெருவெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறேன், ஏதோ கப்பல் தலைவன் மாதிரி.

செல்வா, வடக்குக் காற்று தீபாவளிக்கே திரும்பிவிட்டது. பொங்கலும் போயிற்று. சட்டை இன்னும் என் தலையணை உறைக்குள் இருக்கிறது. முகத்தை அதில் வைத்துத்தான் தூங்குகிறேன். அழாமல் என்று சொல்லமாட்டேன்.

"இன்னைக்குப் போலாமா தம்பி?" என்று உன் அப்பா கேட்பார். "காத்து சரியில்ல மாமா" என்பேன். படகோட்டிக்குக் காற்று தெரியாதா? படகுக் கயிற்றை மறுபடியும் கட்டிவிடுகிறார். அவரும் எதற்குக் காத்திருக்கிறார்?

இந்தக் காற்று நிற்பதற்குள் வருகிறேன். நாளைக்கு அவர் கேட்டால் "போலாம் மாமா" என்பேன். உன்மேல் சத்தியம்.

உன் தம்பி (ஆமாம், தம்பிதான்),
முருகேசு