நேசனின் அம்மாவிடம் நீயே சொல்

சிதம்பரம்
14.4.2009

அன்பு மகன் செந்தமிழ்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, எனக்கு உன் மேல் இருக்கிற கோபம்தான் விடவில்லை. போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேசன் வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது ஷெல் விழுந்து செத்துவிட்டான், இடுப்புக்குக் கீழே எதுவுமே கிடைக்கவில்லை என்று போனில் அழுதாய். இங்கே அகதி முகாமில் இருக்கிற அவன் அம்மாவிடம் நானே ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்றாய். அண்ணாமலை நகரில் உன்னோடு ஒரே ரூமில் இருந்து படித்தவன், நம் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துக் கவிதை எழுதினவன், சண்டை நின்றிருந்த நேரம் பார்த்து வாத்தியார் வேலைக்கென்று ஊருக்குத் திரும்பிப் போனவன். பதுங்கு குழிக்குள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அந்தக் கவிதையை நீ படித்துக் காட்டியபோது அப்பாவால் உட்கார முடியவில்லை. முப்பது வயதுகூட ஆகவில்லை. நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம், நீயோ அச்சகம் வைத்திருக்கிற தேவநாதனுக்குப் படத்தை மெயிலில் அனுப்பி போஸ்டர் அடிக்கச் சொல்லியிருக்கிறாய். பெற்றவளுக்கு முன்னால் சுவருக்குச் சொன்ன பிள்ளையடா நீ.

வியாழக்கிழமை அந்த அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட இங்கே அழைத்துவந்தேன். புரை முற்றிவிட்டது, பெரிய படம் தெரியும், எழுத்து தெரியாது. பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க நேசன். நம் ஊரில் பிறந்தநாளுக்கும் போஸ்டர், சாவுக்கும் போஸ்டர், எல்லாவற்றிலும் அதே சிரிப்பு. பாருங்கோ அக்கா, என்ர பிள்ளையின்ர கவிதைக்குப் பரிசு குடுத்திருக்கினம் என்று பூ விற்கிற பொன்னியையும் கூப்பிட்டுக் காட்டினார். அவள் படித்துவிட்டு, ஐயோ இது கண்ணீர் அஞ்சலிம்மா என்று போட்டு உடைத்துவிட்டாள். உடனே அந்த அம்மா சுவரில் பாய்ந்து நகத்தாலேயே கிழித்தார். நகம் பெயர்ந்து நேசன் முகமெல்லாம் ரத்தம். தடுக்கப் போன என்னை ஓங்கி அறைந்தார், உதடு இன்னும் வீங்கியிருக்கிறது. நெற்றியைச் சுவரில் மோதி மோதிப் பிளந்துகொண்டதில் ஐந்து தையல்.

இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறார். போஸ்டர் பொய், செல்வன் தம்பி வாயால் சொன்னால்தான் நம்புவேன் என்கிறார். காரியம் செய்யலாம் என்று வந்த முகாம்காரர்களை அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு விரட்டினார். போன் அடித்தாலே நீதான் என்று ஓடிவருகிறார். ஞாயிற்றுக்கிழமையும் நீ கூப்பிடவில்லை.

இது கிடைத்த அன்றே கூப்பிடு. கவிதையாகச் சொல்லாதே, வீரமாகப் போனான் என்றும் சொல்லாதே, கஞ்சிக்கு நின்ற பிள்ளை அவன். செத்துவிட்டான் என்று சொல். அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் போனை வைக்காதே. சாமி உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும், என் கோபம் உன்னை அண்டாமல் போகட்டும்.

எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு என்று கேட்டார், உனக்கு என்றேன். நேசனையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா பட்டம்மாள்