நாலாவது வாரத்தில் முதல் பாடம்

புதன், இரவு.

இன்று இங்கிலீஷ் வகுப்பில் எழுந்து நின்று, முதல் பாடத்தில் படித்தபடி என் பெயரையும் ஊரையும் கம்பீரமாக ஒப்பித்தேன். டீச்சர் கேட்டதோ, நேற்று மெஷினில் என்ன கோளாறு என்று. அந்த டீச்சர் என் மகள் கவிதா. எங்கள் கம்பெனி ஆட்களுக்குச் சொல்லித்தர ஏஜென்சி அனுப்பியிருக்கிறது. பக்கத்தில் இருந்த தூத்துக்குடி முருகன், "அண்ணாச்சி, ஒங்க பேரு ஒங்க மவளுக்கே தெரியாதாக்கும்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "இன்னாப்பா இது? வாரம் ஒரு பாடம்னு ப்ளான் போட்டு நடத்துறேன். ஒருத்தருக்கும் மனசுல நிக்கல. இப்படியே போனா கிளாஸையே நிறுத்திடுவாங்க."

"நாங்க வந்தாத்தானேம்மா நிக்கும்! போன வாரம் நைட் ஷிப்ட், அந்த நேரத்துல தூங்கினு இருந்தேன். முந்தின வாரம் செகண்ட் ஷிப்ட், லைன்ல நின்னுக்கினு இருந்தேன். உனக்கு இது நாலாவது பாடம், எனக்கு ரெண்டாவது கிளாஸ். எல்லாருக்கும் இதே கதைதான். ஒரே பாடத்த மூணு வாரம் நடத்து, மூணு ஷிப்ட் ஆளுங்களுக்கும் கெடைக்கும்."

"பன்னெண்டு பாடம் நாலாயிடும்பா! இத முதல்லயே யாராவது சொல்லியிருக்கலாம்ல?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஷிப்ட் போகிறவன் வீட்டில் வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கத்த வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன்.

அந்தப் ப்ளானை அவள் முதலில் காட்டியது என்னிடம்தான். முழுக்க இங்கிலீஷ். "சூப்பர்மா" என்று திருப்பிக் கொடுத்தேன். ஒரு வரிகூடப் புரியவில்லை என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.