மைக்கில் சொல்லாத பெயர்

செப்டம்பர் 24, புதன்

தேவன் அண்ணனுக்கு இனி வெள்ளிக்கிழமை எல்லாம் ஷிப்டாம். கூலிம் பேக்டரியில் ஆள் போதவில்லை. சுங்கை லாலாங் எழுவர் காற்பந்துப் போட்டியில் பத்து வருடமாக மைக் பிடித்து வர்ணனை செய்கிறவர் அவர்தான். பள்ளி விட்டு வரும்போது என் பக்கத்தில் மோட்டாரை நிறுத்தினார்.

"தங்கச்சி, உனக்குத்தான் ஆண்டவன் வாய நல்லா கொடுத்திருக்கானே. இந்த வருசம் நீ பிடிக்கிறியா?"

பிடிக்கிறேனா! நான் பிறந்ததே அதற்குத்தான் அண்ணே. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் பொருளாதாரம் படிப்பது சும்மா, பொழுதுபோக்கு.

அம்மாவிடம் சொன்னேன். "பிடி. ஆனா யார் மனசும் நோகாம பேசு, இவா" என்றார். இவாவாகிய நான் என் அம்மா அகத்தா அம்மையாரிடம் எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு கண்டிஷன் வரும்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று திடலில் நான்தான் ராணி. அப்படித்தான் எழுதுவேன், என் டைரி.

மைக்கும் ஒலிபெருக்கியும் தோட்டத்து மாரியம்மன் கோவிலுடையவை. கோவிலைப் பார்த்துக்கொள்ளும் பிச்சை மாமா வயரைச் சுற்றிக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "ஆறு மணிக்கு மைக் கோவில்ல இருக்கணும். பூசை யாருக்காகவும் நிக்காது." மாதா கோவில் பிள்ளையிடம் மாரியம்மன் மைக். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் பட ஹீரோ மாதிரி ஓர் அறிமுகம் கொடுத்தேன். எங்கள் அணியின் சுகுமாரன் பந்தோடு ஓடும்போது, "காத்து வேகத்துல வர்றாரு, பின்னாடி தூசி மட்டும்தான் வருது!" என்றேன். கூட்டம் விசில் அடித்தது. தலையில் ஏறிவிட்டது.

இரண்டாவது பாதியில் எதிரணி ஒரு சாதாரணப் பந்தை அடித்தது. எங்கள் கோல்காவலர், என் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கரன், குனிந்தான். பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவே போய்விட்டது. நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது:

"தீபாவளி வர்றதுக்கு முன்னாடியே டோல் பிரீ! கட்டைய தூக்கியாச்சு, எல்லாரும் போலாம், போய்க்கிட்டே இருங்க!"

பண்டிகைக்கு நெடுஞ்சாலை டோலில் காசு வாங்காமல் கட்டையைத் தூக்கி விடுவார்களே, அது மாதிரி. திடலே விழுந்து விழுந்து சிரித்தது. நாங்கள் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். ஆனால் எல்லாரும் பேசியது டோலைப் பற்றித்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

என் வகுப்பு ஷாமளா அதை வீடியோ எடுத்து டிக்டாக்கில் போட்டிருக்கிறாள். நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நாற்பதாயிரம்! எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு பள்ளி உண்டு. பள்ளிக் கண்டீனில் கரன் வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒருவன் "டோல் பிரீ, நகருடா" என்றான். கரனும் சிரித்தான்.

சிரித்தான்தானே? நான் பார்த்தேன். சிரித்த மாதிரிதான் இருந்தது.

அக்டோபர் 1, புதன்

கரன் இன்று என் பக்கத்தில் உட்காரவில்லை. மின்விசிறிக்குக் கீழே இடம் வேண்டுமாம். அந்த மின்விசிறி போன வருடமே கெட்டுப்போனது.

அக்டோபர் 2, வியாழன்

நாளை விடுமுறை என்பதால் வகுப்பே சேர்ந்து சுங்கைப் பட்டாணிக்குப் புதுப் படம் பார்க்கப் போனோம். நான் கூப்பிட்டதால்தான் கரனும் வந்தான்.

முதலில் படத்தைப் பற்றி. ஹீரோ வருவதற்கு இருபது நிமிடம். வந்ததும் நாலு நிமிடம் மெதுவாக நடக்கிறார். சண்டை பரவாயில்லை. காமெடி என்ற பெயரில் ஒரு குண்டு மனிதரை ஆளாளுக்குக் கேலி செய்கிறார்கள், அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பத்துக்கு நாலு கொடுப்பேன். ஹீரோவின் சட்டைக்கு அரை மார்க் கூட.

ஒரு காட்சியில் வில்லனின் கார் டோல் கட்டையை உடைத்துக்கொண்டு போனது. மூன்றாவது வரிசையில் யாரோ கத்தினான்: "டேய் கரன், உன் வீடுடா!" வரிசை வரிசையாகச் சிரிப்பு. முன்பின் தெரியாத ஒரு சீனப் பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

நம் ஊர் சினிமாவில் திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வரும், படம் நிற்காது. யாரும் எழுந்திருக்கவும் மாட்டார்கள். அந்த எழுத்து வந்தபோது கரன் மட்டும் எழுந்தான். "தண்ணி வாங்கிட்டு வரேன்" என்றான். படம் முடிந்து விளக்குப் போட்டபோதும் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

இரண்டாம் பாதியில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அக்டோபர் 3, வெள்ளி

கரன் ஆட வரவில்லை. வயிற்று வலி என்று அவன் அம்மா சொன்னாராம். சுகுமாரன் கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றான். நாலு கோல் வாங்கினோம், எப்படியோ நாலு போட்டுச் சமன் செய்து அரையிறுதிக்கு வந்துவிட்டோம். அரையிறுதியிலும் கரன் வராவிட்டால் கதை முடிந்தது. போன வருடமும் அரையிறுதியோடு வீட்டுக்குப் போனவர்கள் நாங்கள்.

மைக்கில் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். ஆனால் கண் கூட்டத்தில் கரனைத் தேடிக்கொண்டே இருந்தது.

அது என் ஜோக்தானே? எல்லாரும் சொன்னார்கள், நான் ஒரு தடவைதான் சொன்னேன். ஒரே ஒரு தடவை! அப்புறம் ஊரே சொன்னதுக்கு நானா பொறுப்பு?

ஆமா. நான்தான். வேற யாரு.

அக்டோபர் 5, ஞாயிறு

கண்டீனில் ஒரு மைலோ ஐஸ் வாங்கி அவன் முன்னால் வைத்தேன். "சாரி லா கரன். ஜோக்குக்குப் போய் இவ்ளோ சீரியஸ் ஆனா எப்டி? வா, வந்து ஆடு, டீமுக்கு நீதான் வேணும்." எனக்கே கேட்டது, அது மன்னிப்பு மாதிரி இல்லை என்று.

அவன் மைலோவைத் தொடவில்லை. "மைக்ல சொன்ன. இப்ப கண்டீன்ல மெதுவா வந்து சாரி சொல்ற" என்றான். அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மாதா கோவிலில் மாலைப் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சாமியாரிடம் சொல்வது சுலபம். அவருக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

பஸ் நிறுத்தத்தில் அவனை மறித்தேன். இந்தத் தடவை ஜோக் எதுவும் எடுத்துப் போகவில்லை.

"தப்பு என்னோடதுதான். மைக்லயே சாரி சொல்றேன். எல்லாருக்கும் கேக்கட்டும்."

"வேணாம். நீ சாரி சொன்னாலும் திரும்ப அதைத்தான் ஞாபகப்படுத்துவ. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்."

"என்ன?"

"என் பேர மைக்ல எடுக்காத. திவாகரன்னும் வேணாம், கரன்னும் வேணாம், கீப்பர்னும் வேணாம். நல்லதா இருந்தாலும் சொல்லக்கூடாது. ஒத்துக்கிட்டா வந்து நிக்கிறேன்."

ஒத்துக்கொண்டேன். இது என்ன பெரிய விஷயம்? ஏழு பேரில் ஒருவனை விட்டுவிட்டுப் பேச எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 10, வெள்ளி

தெரியாது. தெரியவே தெரியாது!

தேவன் அண்ணன் ஷிப்டுக்குப் போகும் முன் போன் செய்தார். "தங்கச்சி, இன்னிக்கு பண்டார் பாருலேர்ந்துகூட ஆளுங்க வர்றாங்க, உன்ன கேக்கத்தான். அந்த டோல ஒரு தடவ எடுத்து வுடு." முடியாது அண்ணே என்றேன். "அட, சும்மா லா" என்றார். முடியாது என்றேன். மைக்கை வேண்டுமானால் வேறு யாருக்காவது கொடுங்கள் என்றும் சொன்னேன். அவர், "சரி சரி, கோவப்படாத, நீயே பேசு" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. கரன் இன்று ஆடியதைப் போல நான் யாரும் ஆடிப் பார்த்ததில்லை. ஏழு பந்து. ஏழையும் தடுத்தான். ஒன்றை விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தள்ளினான், விழுந்தவன் எழுந்து அடுத்ததை நெஞ்சில் வாங்கினான். நான் மைக்கில் என்ன சொன்னேன்? "பந்து கோலை நோக்கிப் போகிறது... பந்து... வெளியே வந்துவிட்டது." "மறுபடி அடித்தார்... மறுபடி வெளியே."

கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி, "ஏம்மா, யாரு புடிச்சா, பேயா?" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வாய் நிறைய அவன் பெயர், சொல்ல முடியவில்லை. கேலி செய்ய ஒரு விநாடிகூட ஆகவில்லை எனக்கு. பாராட்டத்தான் அனுமதி இல்லை.

ஒன்றுக்குச் சுழியம். இறுதியாட்டம்!

அக்டோபர் 11, சனி

முழுவதையும் எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

எதிரணி கரங்கான் ஊர்க்காரர்கள். ஐந்து மணிக்கு ஆட்டம். தேவன் அண்ணனுக்கு இன்று விடுமுறை, இருந்தும், "நீயே பிடி" என்று மைக்கை என்னிடமே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேயே பந்தைப் பிடிக்கும் வர்ணனையை இன்றும் தொடர்ந்தேன். ஒன்றுக்கு ஒன்று. நேரம் முடிந்தது. இனி பெனால்டி, அணிக்கு மூன்று.

அப்போது பிச்சை மாமா மோட்டாரில் வந்து இறங்கினார். ஆறாக ஐந்து நிமிடம். "மாமா, பத்து நிமிசம், பிளீஸ்!" என்றோம். "இன்னிக்கு புரட்டாசி சனி, நம்ம கோவில்ல பெருமாளுக்கும் பூசை இருக்கு. பெருமாள் உங்க பெனால்டிக்கு வெயிட் பண்ணமாட்டாரு" என்றார். வயரைப் பிடுங்கினார். என் கையில் இருந்த மைக் செத்துப்போனது. அதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மைக் இல்லாமல் நான் யார்? ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. வர்ணனைக்காக ஒவ்வோர் ஆட்டத்தையும் குறித்து வைத்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கோலுக்குப் பின்னால் நின்றேன். கரன் திரும்பிப் பார்த்தான்.

"மைக் போயிருச்சா?"

தலையாட்டினேன்.

"அப்ப பேசு. எல்லா ஆட்டத்தையும் எழுதி வச்சிருக்கல்ல. இவன் எந்தப் பக்கம் அடிப்பான்?"

பத்து நாளுக்குப் பிறகு அவனாக என்னிடம் கேட்டது அதுதான். நோட்டைப் பார்த்தேன். "வலது. எப்பவும் வலது." கரன் வலப்பக்கம் பாய்ந்தான், பிடித்தான்! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டாமவன் உயரமாக அடித்து உள்ளே போட்டான். எங்கள் பக்கத்திலும் ஒன்று வீணானது. கடைசியில் இரண்டுக்கு ஒன்று, எங்களுடைய மூன்றும் முடிந்துவிட்டது. கரங்கானின் கடைசி உதை பாக்கி. தடுத்தால் கோப்பை எங்களுக்கு, விட்டால் சமன், அப்புறம் ஒவ்வொன்றாக.

சிவநேசன் வந்தான். அவர்கள் தலைவன். இந்தப் போட்டியில் இரண்டு பெனால்டி அடித்திருக்கிறான், இரண்டும் இடது. "இடது கரன், நூறு சதவீதம் இடது. என்ன நம்பு."

நம்பினான். அவன் அடிக்கும் முன்பே இடப்பக்கம் பாய்ந்தான். சிவநேசன் வலப்பக்கம் மெதுவாக உருட்டிவிட்டான். ஆளில்லாத கோலுக்குள் பந்து நடந்து போனது. நாலாவது உதையைச் சுகுமாரன் வானத்துக்கு அடித்தான், அவர்கள் போட்டார்கள். முடிந்தது.

"டோல் பிரீ!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். பின்னால் நாலைந்து குரல். தேவன் அண்ணன் ஓடி வந்தார். "ஏன்டா, பந்து அங்க, நீ இங்கயா பாய்வ? பார்த்துப் பாயக்கூடாது?"

கரன் என்னைக் காட்டியிருக்கலாம். விரலை நீட்டினால் போதும். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "நான்தாண்ணே அவசரப்பட்டுட்டேன். தப்பா கணக்குப் போட்டேன்."

அதை என்னால் தாங்க முடியவில்லை. பரிசு மேசைக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினேன். மைக் எதற்கு? என் தொண்டை சுங்கைப் பட்டாணி வரை கேட்கும்.

"எல்லாரும் கேளுங்க! இடப்பக்கம் பாய்னு சொன்னது நான். நூறு சதவீதம்னு சொன்னதும் நான். அவன் என்ன நம்பினான், அதான் அவன் செஞ்ச ஒரே தப்பு. நேத்து ஏழு பந்து, இன்னிக்கு அஞ்சு, பெனால்டி ஒண்ணு. மொத்தம் பதிமூணு பந்தத் தடுத்தவன் பேரு..."

நிறுத்தினேன். கரனைப் பார்த்தேன். வாக்கு வாக்குதான். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, கொஞ்சமாக, தலையை ஆட்டினான்.

"திவாகரன்!" என்று கத்தினேன். குரல் உடைந்துபோனது. பாட்டி ஒருவர்தான் முதலில் கை தட்டினார்: "அப்பாடா, பேயில்ல, நம்ம புள்ளதான்!"

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று பள்ளியில் யாரும் கரனை டோல் பிரீ என்று கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்கள். தப்பான வழி காட்டியதால் என் பெயர் இனி 'வேஸ்', போனில் வழி சொல்லும் அந்த ஆப். கண்டீனில், வகுப்பில், பஸ்ஸில், "வேஸ், இடமா வலமா?" ஷாமளா அதையும் வீடியோ போட்டுவிட்டாள்.

வலிக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வலிக்கிறது. கூப்பிடட்டும். வாய் எனக்கும் இருக்கிறது.

கரன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். மின்விசிறி ஓடவில்லை என்றான்.

நவம்பர் 1, சனி

பினாங்கில் ஓர் இளையோர் அணி கோல்காவலர் தேடுகிறதாம். கரன் பெயரைச் சொன்னது யார் தெரியுமா? கரங்கான் சிவநேசன். இன்று காலை தேர்வுக்குக் கரன் அப்பாவின் மைவி காரில் போனோம், கரன்தான் ஓட்டினான். பின்னால் ஷாமளா, முன்னால் நான், தேர்வு முடிந்ததும் அங்கேயே ஒரு படம் என்று திட்டம்.

பாலத்து டோலில் கரன் டோல் கார்டைத் தட்டினான். சிவப்பு விளக்கு. மறுபடி தட்டினான். கார்டில் காசு போதவில்லை. தடுப்புக் கட்டை அசையவில்லை, பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே கடலைப் பார்த்தேன்.

"சொல்லு" என்றான் கரன்.

"என்ன சொல்ல? ஒண்ணுமில்ல."

"பொய். உன் காது செவந்துருச்சு."

"நான் சொல்ல மாட்டேன் கரன்."

அவன் கொஞ்ச நேரம் அந்தக் கட்டையையே பார்த்தான். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பின்னால் நின்ற கார்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினான்: "சாரி பாஸ், இன்னிக்கு டோல் பிரீ இல்ல!"

ஷாமளா முதலில் சிரித்தாள். அப்புறம் அவன். கடைசியாக நான், கண்ணில் தண்ணீர் வரும் வரை.

என் கார்டை எடுத்து அவனிடம் கொடுத்தேன். டோலை நான்தான் கட்டினேன்.