ஜன்னலோர மேஜை

ஜூன் 12, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மழை இல்லை. காயப்போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டு மாடியில்.

மூன்றாம் நாள். ரத்தம் இன்னும் நிற்கவில்லை. தீட்டு நின்றே இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. ஐம்பத்து மூன்று வயதில் மறுபடி துணி மடிக்க வேண்டுமாம்.

பனியன் கம்பெனியில் நடந்ததை எழுதினால்தான் ஆறும். பத்தரை மணி டீ குடித்துவிட்டு வந்தேன். என் ஸ்டூல் உறையில் கறை, உள்ளங்கை அகலம். அதற்கு நேராக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். பீஸில் ஓட்டை, எண்ணெய்க் கறை கண்டால் செக்கிங்கில் நாங்கள் ஒட்டுவது. நாற்பது பெண்கள் பார்த்தாயிற்று. பக்கத்தில் இன்சார்ஜ் நாச்சிமுத்து, ஸ்டிக்கர் ரோலை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு.

"ஏனுங்க ஞானக்கா, டேமேஜ் கண்டா உடனே மார்க் பண்ணோணும்னு நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க."

'ங்க' போட்டே குத்துகிறான். நான் பதினாலு வருடமாக இங்கே ஃபைனல் செக்கிங். அவன் வந்து இரண்டு வருடம். இனி இந்த நோட்டில் அவன் நா.மு. முழுப் பேர் எழுதி மையைத் தண்டம் பண்ண மாட்டேன்.

அழவில்லை. வீட்டுக்கு வந்து உறையைத் துவைக்கும்போது அழுதேன்.

ஜூன் 13, செவ்வாய்

மகள் ஜெபா லீவு போட்டுத் தனியார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஸ்கேன். கர்ப்பப்பையில் இரண்டு நார்க்கட்டி. ஒன்று நாலு செ.மீ., ஒன்று இரண்டு.

டாக்டர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த வயசுல அது எதுக்கும்மா? எடுத்துடலாம். வெள்ளிக்கிழமை அட்மிட் ஆயிடுங்க."

ஒன்றரை மாதம் ஓய்வு. மூன்று மாதம் குடம்கூடத் தூக்கக் கூடாது.

நான் ஒரு வாரம் வராமலிருந்தால் நா.மு.வுக்குப் போதும். அவன் கொழுந்தியாளை என் ஜன்னலோர மேஜையில் உட்காரவைக்கச் சித்திரையிலிருந்து வழி பார்க்கிறான். கர்ப்பப்பை போனால் போகட்டும், மேஜை போகக் கூடாது. எழுதிப் படித்தால் பைத்தியக்காரி மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 15, வியாழன்

பெரியாஸ்பத்திரி, எடுக்காமல் தீருமா என்று கேட்க. மூன்று மணி நேர வரிசை. பெண் டாக்டர், ஒல்லி, தொண்டை மட்டும் பெரிது.

எப்போது நின்றது, எப்போது வந்தது, எவ்வளவு, எல்லாம் கேட்டாள். இதற்கு முன்னால் வந்ததா என்றாள். சொன்னேன். ஏப்ரலில் இரண்டு நாள் வந்தது. ஷிப்மென்ட் நேரம். செக்கிங் பெண்கள் அந்த நேரத்தில் மெடிக்கலில் வாங்கிப் போடும், தீட்டைத் தள்ளிப்போடுகிற மாத்திரையை நானும் போட்டேன். நின்றது. சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

"நின்னுபோனவங்களுக்கு ஒரு சொட்டு வந்தாலும் அன்னைக்கே வரணும். மாத்திரை போட்டு மூடி வைக்கிற விஷயமாம்மா இது?" வராண்டா முழுக்கக் கேட்டது.

ஆபரேஷன் உண்டா என்றேன். "கட்டி இந்த வயசுல சுருங்கத்தான் பார்க்கும். ரத்தம் எதனால வருதுன்னு முதல்ல தெரியணும். தெரியாம எதையும் எடுக்க மாட்டேன்."

கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறாள். வலி. பல்லைக் கடித்தேன். ரிசல்ட் அடுத்த வியாழன். நல்லதாக வந்தால் கத்தி இல்லை. புற்று என்றால் பேச்சே கிடையாது, எடுத்தாக வேண்டும்.

ஜெபா பஸ்ஸில் என் கையை விடவே இல்லை.

ஜூன் 17, சனி

வேலைக்குப் போனேன். என் மேஜையில் கொழுந்தியாள். எனக்குப் பின்வரிசையில் பிசிறு நூல் வெட்டும் வேலை. நா.மு. சொன்னான்:

"சொகமில்லாதவீங்களுக்கு லேசான வேலைதானுங்க நல்லது."

ஆர்டர்: நேவி ப்ளூ, காலர் வைத்த டீ-ஷர்ட், ஆறாயிரம். மதியம் ஒரு பீஸைக் கையோடு எடுத்துப் போய் வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். காலர் ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம். சாயப்பட்டறையில் இரண்டு தடவையாக முக்கியிருக்கிறார்கள். ட்யூப் லைட்டில் தெரியாது, வெயிலில் காலர் செம்மை அடிக்கிறது. எல்லாப் பீஸும் அப்படி இல்லை, நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கிறது. கொழுந்தியாள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாஸ் போடுகிறாள். முகம் கறுத்துவிடுமாம்.

வாயைத் திறக்கவில்லை. நூல் வெட்டுகிறவளுக்கு ஷேடு எதற்கு.

ஜூன் 20, செவ்வாய்

ரத்தம் நேற்றோடு நின்றது. இரும்பு மாத்திரை காலை, இரவு. மலம் தார் மாதிரி. கீரை, பேரீச்சை, மறுபடி கீரை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

மாரி, சாத்தூர்க்காரி, என்னிடம் வேலை பழகியவள், சாப்பாட்டு நேரத்தில்: "யக்கா, மொகமே வெளுத்துக் கெடக்கு. எதுவும் பெரிசா இருக்காதுக்கா."

ராத்திரி ஜெபம்: ஆண்டவரே, என் ரிப்போர்ட் நல்லதாக வரட்டும். நாளைக்குப் பையரின் ஆள் அவன் லாட்டைப் பார்த்துக் கொடுக்கும் ரிப்போர்ட் கெட்டதாக வரட்டும். இரண்டாவதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டேன்.

ஜூன் 21, புதன்

சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்தான். பெட்டியைப் பிரித்ததும் நேராக ஜன்னலுக்குப் போனான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மொத்த லாட்டும் ஃபெயில். நா.மு. முகத்தில் ஈயாடவில்லை. இன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன், எத்தனை நாளுக்குப் பிறகு.

சாயங்காலம்தான் தெரிந்தது. ஆறாயிரத்தையும் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். செக்கிங் பெண்கள் எல்லாருக்கும் இரட்டை ஷிப்ட். மாரி சொன்னாள், "நீங்க பாத்திருந்தா இது தாண்டிருக்காதுக்கா."

அது மாரி தலையில் விடியும் என்று நான் நினைக்கவில்லை. பொய். நினைத்தேன். நினைத்தும் பேசாமல் இருந்தேன்.

ஜூன் 22, வியாழன்

புற்று இல்லை.

உள்சவ்வு வயசுக்கு மெலிந்து போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றாள் டாக்டர். கட்டி அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆபரேஷன் வேண்டாம். மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன். ரத்தம் பட்டால் அன்றே வர வேண்டும். அந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

ஜெபா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது நா.மு. முகம். இவ்வளவு கெட்டவளா நான். ஆமாம்.

ஜூன் 23, வெள்ளி

நா.மு. வீட்டுக்கே வந்துவிட்டான். ஆப்பிள், ஹார்லிக்ஸ்.

"அக்கா, மொதலாளி என்னைய வேலையை உட்டுத் தூக்கறேங்கறாருங்க. உங்க கண்ணு ஆருக்கும் வராதுங்க. ஜன்னலோரம் வந்து உக்காந்து பிரிச்சுக் குடுத்தாப் போதுமுங்க." எழுந்தவன் நின்றான். "நீங்க முன்னாடியே பாத்தீங்களாக்கா?"

"நீங்க கேக்கலீங்களே."

ஒரு நிபந்தனை சொன்னேன். எனக்கு என்ன நோவு என்று எல்லார் முன்னாலும் அவன் வாயால் சொல்ல வேண்டும். நோவின் பேரையும் சொல்லிக் கொடுத்தேன். ஆப்பிளை எடுத்துக்கொண்டேன். ஹார்லிக்ஸ் எனக்கு ஆகாது.

ஜூன் 24, சனி

காலை எட்டரை. மெஷின் எல்லாம் நிறுத்தச் சொன்னேன். நாற்பது பெண்கள். நா.மு. நடுவில்.

"ஞானக்காளுக்கு ஒடம்பு சொகமில்லாம இருந்துச்சுங்க."

"என்ன ஒடம்பு?" என்றேன்.

"பொம்பளைங்க சமாச்சாரமுங்க."

"அதுக்குப் பேர் இருக்கு."

கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தான். தரையைப் பார்த்தான். "கர்ப்பப்பையில கட்டீங்க. நின்னதுக்கப்புறம் ரத்தம் போயிருக்குதுங்க. நான் அதுல ஸ்டிக்கர் ஒட்டுனது தப்புங்க."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்.

அப்போது மாரி. "யக்கா, எனக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ வருது. அந்த டாக்டரு என்னிக்குப் பாப்பாங்க?"

"வியாழக்கிழமை."

அயர்னிங் டேபிளிலிருந்து சரோஜா. "எனக்கும் கட்டின்னு ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே சொன்னாங்கக்கா. பயந்துக்கிட்டு அப்பறம் போகவே இல்லீங்க." பிறகு பட்டன் மெஷின்காரி. பிறகு அவளுக்கு அடுத்தவள்.

நா.மு. மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"எங்க போறீங்க? பேனா இருக்கில்ல, பேரை எழுதுங்க. வியாழக்கிழமை லீவு, சம்பளம் பிடிக்காம."

எழுதினான். பதினொரு பேர். யார் யாருக்கு என்ன என்று அவர்களே சொல்லச் சொல்ல, அத்தனையும் நின்று கேட்டான்.

"அக்கா, வியாழக்கிழமைதானுங்க ஷிப்மென்ட்."

கையில் எடுத்திருந்த பீஸைக் கீழே வைத்தேன். நா.மு. லீவுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டான்.