பல்கீஸ் வரையாத பக்கம்

8-6-1970, திங்கள்
அச்சகத்தில் முதலாளி தேனப்பன் இரண்டு தாள்களை மேஜையில் விரித்தார். கிரவுன் அளவு கைக்கு அடக்கம், செலவும் குறைவு. டெம்மி பெரிது, படங்கள் தெளிவாக விழும். இருபது வருஷம் தையல் சொல்லிக்கொடுத்ததைப் புத்தகமாகப் போடுகிறேன், பெண்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கவா? டெம்மி என்றேன்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சரம்மா, சட்டை, பாவாடை, ரவிக்கை எல்லாம் சரி. கடைசியில செத்தவங்களுக்குப் போத்துற கபன் துணி வெட்டுறதையும் எழுதியிருக்கீக. கல்யாணப் பொண்ணுக்குக் குடுக்குற புஸ்தகத்துல அது வேணுமா?"

நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. எழுதாமல் விட்டால் சாவு வராதா? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

10-6-1970
ஏன் வேண்டும்?

போன ஐப்பசியில் காளையார்கோவில் பக்கம் ஒரு மௌத்து. இறந்தது பெண்ணென்றால் கபன் ஐந்து துண்டாக வெட்ட வேண்டும். அங்கே யாருக்கும் தெரியவில்லை, எனக்கு ஆள் அனுப்பினார்கள். மழையில் பஸ் நின்று, போய்ச் சேர அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. இறந்தவரின் மூன்று மகள்களும் வெள்ளைத் துணியை மடியில் வைத்தபடி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். பெற்றவளுக்குச் செய்யத் தெரியாமல்.

எனக்கு யார் வெட்டுவார்கள்?

எழுதிவிட்டேன். மார்பில் கட்டி திரும்ப வந்துவிட்டது என்று மதுரை டாக்டர் சொன்னதை என் மகள் பல்கீஸிடம் நான் மறைக்கவில்லை. அதிலிருந்து அவள் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

14-6-1970, ஞாயிறு
புத்தகத்துக்கு மற்ற முப்பத்தொரு படங்களையும் பல்கீஸ் வரைந்து முடித்துவிட்டாள். கபன் படம் ஒன்று மட்டும் மாட்டேன் என்கிறாள்.

"ஆள் இல்லாம அளவு போடக்கூடாதுன்னு நீங்கதானம்மா சொல்லிக் குடுத்தீக. இதுக்கு யாரு அளவைப் போட?"

உண்மைதான். ஒவ்வொரு படமும் உயிரோடு இருக்கும் ஒருவரின் அளவு. சின்னச் சட்டை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, ரவிக்கை அவளுக்கே. அடுப்படிக்குள் போய் அழுதாள். நான் போகவில்லை. போயிருக்கணும்.

18-6-1970
கபன் பகுதியைத் தனித்தாளாக அடித்து, கேட்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்கிறார் தேனப்பன். தனித்தாள் எந்த வீட்டில் தங்கும்? ஒரே வருஷத்தில் மிளகாய் மடித்துவிடுவார்கள். மௌத்து வீட்டில் யார் தேடுவது?

பக்கமாகச் சேர்த்தாலும் கஷ்டம். கம்பி அடித்த புத்தகம் விரித்தபடி கிடக்காது. இரண்டு கையும் துணியில் இருக்கும்போது யார் பிடித்துக்கொண்டு நிற்பது?

19-6-1970
முடிவாயிற்று. பெரிய தாள் — நான்காக மடித்துப் புத்தகத்தின் கடைசியில் சேர்த்துத் தைப்பது. மடித்திருந்தால் கல்யாணப் பெண்ணின் கண்ணில் படாது. வேண்டும்போது தரையில் விரித்துக்கொள்ளலாம், கிழியாது, தொலையாது.

"ஐந்நூறு புஸ்தகத்துக்கும் கையாலதான் மடிக்கணும்," என்றார் தேனப்பன். ஒரு தாளை நான்காக மடித்துப் பார்த்துவிட்டு, "மடிப்போம். எங்க ஆத்தா போனப்ப நாங்களும் ஒண்ணும் தெரியாமத்தான் நின்னோம்," என்றார்.

அச்சுக்குப் பிளாக் செய்யத் திங்கட்கிழமை படங்கள் மதுரைக்குப் போக வேண்டும். இந்தப் படம் இல்லை. பல்கீஸிடம் மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

20-6-1970
வலி. படுத்தே கிடந்தேன்.

21-6-1970, ஞாயிறு
லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பல்கீஸ் டேப்போடு வந்து நின்றாள்.

"எந்திரிங்கம்மா."

சுவரோரம் போய் நின்றேன். குனிந்து பாதத்தில் டேப்பைப் பிடித்தாள்.

"தலைக்கு மேல ஒரு சாண், காலுக்குக் கீழ ஒரு சாண் கூட்டிக்க," என்றேன்.

"தெரியும். பேசாம நில்லுங்க, அளவு தப்பும்."

இரண்டு முறை எடுத்தாள். பிறகு தாளை விரித்து உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள் ஐந்து துண்டும் வரைந்தாள். நான் திருத்த ஒன்றுமில்லை.

இனிப் பயமில்லை என்று எழுத வந்தேன். இருக்கிறது. யார் வெட்டுவார்கள் என்ற பயம் மட்டும் இல்லை.