நானே போட்ட தடை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைஞ்சிருக்கா? அம்மா மாத்திரையை மறக்காமப் போடுறாங்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை. உட்கார்ந்தா நிக்கத் தோணுது, நின்னா நடக்கத் தோணுது, அவ்வளவுதான்.

பகல்ல அதே கடை, அதே பில் கவுண்டர். நெட்வொர்க் வேலை கேட்டுப் போற இடமெல்லாம் "முன்அனுபவம் இருக்கா?"ன்னு கேக்கிறாங்க. யாராவது வேலை குடுத்தாத்தானே அனுபவம் வரும்?

போன வாரம் ஒரு கம்பெனியில தேர்வுக்குக் கூப்பிட்டாங்க. வேற கட்டடத்துல இருக்கிற கருவியோட இங்கிருந்தே கம்ப்யூட்டர்ல இணைஞ்சு, வெளியாள் யாரும் நுழையாதபடி பண்ணச் சொன்னாங்க. முதல்ல நமக்கு அனுமதி போட்டுட்டுத்தான் மத்தவங்களைத் தடுக்கணும். நான்தான் அவசரக்குடுக்கை ஆச்சே, எடுத்த எடுப்பிலேயே எல்லாரையும் தடுத்துட்டேன். அந்த எல்லாருக்குள்ள நானும் உண்டு! இணைப்பு அறுந்து திரை அப்படியே நின்னுபோச்சு. தேர்வு வச்ச மேடம் சிரிச்சிட்டாங்க. "பாதுகாப்பு பிரமாதம். இனி நீங்களே உள்ள போக முடியாது"ன்னாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். பதில் இன்னும் வரலை. நிமிஷத்துக்கொரு தரம் மெயிலைத் திறந்து பாக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வேலை இருக்குப்பா. நம்ம வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் இன்னும் என் செல்லப்பேர்தானே? அதெல்லாம் யார் வேணும்னாலும் சுலபமாக் கண்டுபிடிச்சிடுவாங்க. உடனே மாத்திடுங்க.

கடைக்கு நேரமாச்சு, ஓடுறேன்.

உங்க பொண்ணு

பி.கு.: பாஸ்வேர்டை மாத்த வேண்டாம்ப்பா. வீட்டுக்கு வர்றவங்க யாராவது கேட்டா, என் செல்லப்பேரைச் சத்தமாச் சொல்லுங்க. நான் இல்லாத வீட்டுல அந்தப் பேராவது கேக்கட்டும்.