சட்டையும் சட்டியும்

என்னங்க, நேற்றுப் பரணைத் துடைக்கும்போது நம் மகளின் மூன்றாம் வகுப்பு டைரி கையில் அகப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டீச்சர் எழுதிய ஒரே வரி: "சொல்வதைக் கவனிப்பதில்லை." மஸ்கட்டில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய் இரண்டு வருடமாகிறது. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

அந்த வருடம் நீங்கள் லீவில் அறந்தாங்கி வந்திருந்தீர்கள். அடுப்படியில் மிக்ஸி, கூடத்தில் டிவி, விருந்தாளிகளின் பேச்சு. "சட்டைய எடுத்துட்டு வா" என்றீர்கள். அவள் ஓடிப்போய்க் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கேலி செய்கிறாள் என்று நினைத்துக் கன்னத்தில் அறைந்துவிட்டீர்கள். அவள் அழவில்லை. எது தப்பு என்று தெரியாமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் விருந்தாளிகள் கிளம்பிய பிறகு கரண்ட் போனது. வீடே அடங்கிக் கிடந்தது. உள்ளறையிலிருந்து மெதுவாக, "அந்தச் சட்டையக் குடு தாயி" என்றீர்கள். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து வந்து நீட்டினாள்.

"இப்ப மட்டும் எப்புடிக் கேட்டுச்சு?"

"இப்பத்தான் சத்தமே இல்லையேப்பா."

சட்டையைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

மறுவாரம் திருச்சிக்குக் கூட்டிப்போனோம். காதில் குறையில்லை என்றார் பரிசோதித்த டாக்டரம்மா. இரைச்சலுக்கு நடுவே வரும் பேச்சைப் பிரித்தெடுக்கத்தான் மூளை திணறுகிறது. பயிற்சி கொடுக்கலாம், நீங்களும் முகம் பார்த்துச் சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள் என்றார். திரும்பும் பஸ்ஸில் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் சத்தத்தில் அவளுக்குப் புரியாதென்று காத்திருந்தீர்கள் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டு வாசலில் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "அப்பா ஒன்ன அடிச்சது தப்பு தாயி" என்றீர்கள்.

மஸ்கட் போன பிறகும், ரூமில் ஆட்கள் பேசுகிறார்கள் என்று, வெளியே நிறுத்தியிருந்த கம்பெனி வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியையும் அணைத்துவிட்டுத்தான் வீடியோவில் கூப்பிடுவீர்கள். வேர்த்து வழியும் முகம். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக.

இப்போது பதினொன்றாம் வகுப்பு. புது டீச்சரிடம் அவளே சொல்லிவிட்டாள்: "மிஸ், எனக்குக் காது நல்லாக் கேக்கும். சத்தத்துல வார்த்தை கலங்கிரும். என்னப் பாத்துச் சொல்லுங்க."

நீங்கள் அடித்தது ஒரே ஒரு நாள். அதற்கு முன்னால் வருடக்கணக்கில் தினமும் திட்டியது நான். "ஒனக்கென்ன காது செவிடா" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். நேற்றுச் சாயங்காலம் அவள் எதிரே உட்கார்ந்து அதைச் சொல்லி அழுதேன்.

"அன்னைக்கு அப்பா கேட்டப்பவே ஒன்னையும் சேத்துத்தாம்மா மன்னிச்சேன்" என்றாள்.

நீங்கள் கேட்ட மன்னிப்பில் எனக்கும் பங்கு இருந்திருக்கிறது. இனி அதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.